பழைய விமானங்களுக்குப் புத்துயிர்

நுவரெலியாவிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், ஹக்கலைப் பூங்காவை எய்துவதற்குச் சற்று முன்னர், ஓடைக்கரையிலே சீதையம்மன் கோயில் அமைந்துள்ளது. இராவணன் சீதாபிராட்டியை வான்வழியே கொணர்ந்து சிறைவைத்த இடம் இதுவென மலைநாட்டு மக்கள் வழிவழியாக நம்பி வருகின்றனர். இந்நம்பிக்கையை நினைந்தோ பிறிதொன்றை நினைந்தோ, இலங்கையின் தேசிய விமான சேவையாகிய எயர் சிலோன் தனது முதற் பயணத்துக்கு விடுத்த விமானத்துக்கும் சீதாதேவி என்றே பெயர் சூட்டப்பட்டிருந்தது. 1947 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆந் திகதி, நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், அவ்விமானம் இரத்மலானையினின்று எழுந்து, பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னையை அடைந்தது. புராணத்துச் சீதை வந்த திசைக்கு எதிர்த்திசையில் இச்சீதை சென்றாள்.

சீதாதேவியும் அதன் உடன்பிறப்புக்களான விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்பனவும் அமெரிக்க நாட்டு டக்ளஸ் தொழிற்சாலையார் ஆக்கிய டீ.சீ. 3 என்னும் இனத்தைச் சேர்ந்தவை. பிரித்தானிய விமானப்படையினர் அவ்வினத்துக்கு இட்ட டக்கோட்டா என்ற பெயரே இலங்கையிலும் இந்தியாவிலும் நிலைத்தது. இரண்டாம் உலகப் போரிலே படைவீரரையும் தளவாடங்களையும் சுமந்து, போர் முடிந்ததும் மலிந்த விலைக்கு விற்கப்பட்ட இவ்விமானங்களைக் கொண்டே ஆசிய நாடுகள் பலவும் தம் விமான சேவைகளைத் தொடங்கின. பின்னர் எயர் சிலோன் நிறுவனம் இலண்டனுக்கும் சிட்னிக்கும் செலுத்திய நான்கு இயந்திர டீ.சீ. 4 விமானங்கள் இரண்டனுள் ஒன்று லக்சபான என்னும் பெயர் பூண்டது. மலைநாட்டு நீர்மின் திட்டத்தின் பெயர் அது. 1956 இல் ஒல்லாந்த நிறுவனத்தின் கூட்டுறவால் மகாதேவி என்ற கொன்ஸ்ரலேசன் விமானம் வந்து சேர்ந்தது. 1978 உடன் எயர் சிலோனின் காலம் முடிவுற்றது. மறு ஆண்டில் எயர் லங்கா பிறந்தது. சுழல்விசிறி விமானங்களின் பொற்காலம் அதற்கு நெடுநாள் முன்னரே கழிந்துவிட்டது.

காலங் கழிந்த இயந்திரத்தைப் பழைய இரும்பு வாணிபரிடம் கொடுத்துவிடுவதே உலக வழக்கு. ஆயினும் இவ்விமானங்களைக் காட்டிலும் வெளியிலுங் கிடந்த நிலையில் தேடிக் கண்டு, ஆண்டுக் கணக்கில் உழைத்துச் செப்பனிட்டு, மீண்டும் பறக்கச் செய்வோர் உலகின் பல பாகங்களிலும் உளர். இத்தகைய முயற்சி எவ்வாறு இயல்வதாகின்றது, அதற்கு எல்லை எது என்பவை ஆராயத்தக்கன.

டீ.சீ. 3 முதன்முதலாகப் பறந்தது 1935 டிசம்பர் 17 இல், கலிபோர்னியாவின் சாந்தா மொனிக்காவிலே. ரைட் சகோதரர் பறந்த நாளின் 32 ஆவது ஆண்டு நிறைவு அது. பயணிகள் படுத்துறங்கிச் செல்லத்தக்க அகன்ற விமானம் வேண்டுமென்று அமெரிக்கன் எயர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித் வற்புறுத்த, டொனல்ட் டக்ளஸ் தயக்கத்துடன் இசைந்தார். பகலில் 21 பேர் அமரவும் இரவில் 14 பேர் உறங்கவும் இடங்கொண்ட அவ்விமானம், அஞ்சற் கட்டணத்தின் உதவியின்றிப் பயணிகளின் கட்டணத்தாலேயே இலாபம் தந்தது. போர்க்காலத்தில் அதன் படைத்துறை வடிவம் பதினாயிரத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் ஆக்கப்பட்டது. எனவே உதிரிப் பாகங்கள் உலகெங்கும் சிதறிக் கிடந்தன. இன்றும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

எனினும் உதிரிப் பாகங்களின் மிகுதி மாத்திரம் இதன் நீண்ட ஆயுளுக்குக் காரணமன்று. அக்காலப் பொறியியலார் உலோகம் எவ்வளவு சுமையை எத்தனை முறை தாங்கும் என்பதைத் துல்லியமாகக் கணிக்கும் வழி அறியாதிருந்தனர். அறியாமை அவர்களை எச்சரிக்கையுடையோர் ஆக்கிற்று. ஒரு தண்டு போதுமான இடத்தில் பல தண்டுகளை வைத்து, இறக்கையைத் தேன்கூடு போற் பல அறைகளாகப் பகுத்துக் கட்டினர். ஓர் அறை பழுதுற்றாலும் ஏனையவை சுமையை ஏற்கும். மேலும் டக்கோட்டாவின் உடற்பகுதிக்குள் காற்று அமுக்கி நிரப்பப்படுவதில்லை. உள்ளிருப்போர் வெளிக்காற்றையே சுவாசிக்க வேண்டியிருந்தமையால் விமானம் பத்தாயிரம் அடி உயரத்தை அடுத்தே பறந்தது. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலை 8,281 அடி உயரமுடையது என்பதை நோக்கின், மலைநாட்டுக்கு மேலே செல்லும் டக்கோட்டா ஒன்றுக்கு வானில் எஞ்சியிருந்த இடம் எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

இக்குறையே பின்னர் நன்மையாயிற்று. 1952 இல் பிரித்தானியரின் கொமெற் ஜெட் விமானம் பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கி, அவ்வாண்டு ஆகஸ்டில் கொழும்பு வரையும் வந்தது. காற்றை அமுக்கி நிரப்பிய அதன் உடல் ஒவ்வொரு பயணத்திலும் ஊதி விரிந்து சுருங்கிற்று. கம்பியொன்றைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் அது ஈற்றில் ஒடிவது போல அவ்வுடலும் சோர்ந்தது. 1954 சனவரியிலும் ஏப்ரிலிலும் இரு கொமெற் விமானங்கள் மத்தியதரைக் கடலுக்கு மேலே சிதறி வீழ்ந்தன. உடற்பகுதியை நீர்த்தொட்டியுள் இட்டு ஆராய்ந்த பின்னரே உலோகச் சோர்வின் கொடுமை உலகுக்குத் தெளிவாயிற்று. டக்கோட்டாவுக்கு இந்நோய் பெரிதும் இல்லை. அதன் பகை வேறு, அது அரிப்பு.

செப்பனிடுவோர் முதலில் தேடுவது இவ்வரிப்பையே. டக்கோட்டாவின் தோல் அலுமினியக் கலப்புலோகத் தகடு. அதன் இரு முகங்களிலும் தூய அலுமினியம் மெல்லிய போர்வையாகப் படிந்திருக்கும். போர்வை உள்ளவரை தகடு பிழைக்கும். ஆனால் தகட்டின் மேல் தகடு படிந்த இடுக்குகளிலும், ஈரம் தங்கும் அடிப்பகுதியிலும், எலியும் பறவையும் எச்சமிட்ட மூலைகளிலும் உலோகம் வெண்பொடியாக உதிர்ந்திருக்கும். வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளே இற்றுப்போன தகடுகள் பல. ஆதலின் அனுபவமுடையோர் வர்ணத்தை நம்புவதில்லை. அதை முற்றாக அகற்றிவிட்டே வேலை தொடங்குவர். பழுதுற்ற தகட்டைப் பிடித்திருக்கும் தறையாணிகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுத்து, அதே அளவில் புதுத்தகடு வெட்டி, மீண்டும் தறைதல் வேண்டும். ஒருவர் வெளியே நின்று அடிக்க, மற்றவர் உள்ளே இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடிக்க, இருவர் கையும் ஒத்துப்போனாலன்றி ஆணி செவ்வனே அமையாது.

இறக்கையின் வெளிப்பகுதி நடுப்பகுதியுடன் சேரும் இடமே மிகுந்த கவனத்துக்குரியது. அம்மூட்டு நூற்றுக்கணக்கான மரையாணிகளால் பிணைக்கப்பட்டு, மேலே ஒரு பட்டையால் மூடப்பட்டிருக்கும். மூடிய இடத்தில் நீர் புகுந்தால் வெளியே செல்ல வழியில்லை. ஆணிகளைக் கழற்றி, மூட்டுக் கோணங்களில் நுண்ணிய வெடிப்பு உளதா என்று ஆராயாது எந்த டக்கோட்டாவையும் பறக்க விடுதல் தகாது. இதற்கு மாறாக வால் முதலிய இடங்களில் உள்ள திசைதிருப்பும் பலகைகள் உலோகச் சட்டத்தின் மேல் துணி போர்த்தி, இறுக்கும் மெருகு பூசப்பட்டவை. துணி சில ஆண்டுகளில் நைந்துவிடும். அதைக் கிழித்தெறிந்து புதுத்துணி தைப்பது ஊசியும் நூலும் கொண்டு செய்யும் வேலையே.

இயந்திரங்கள் இரண்டும் ஒவ்வொன்றும் 1,200 பரிவலு கொண்டவை. பதினான்கு உருளைகள் இரு வரிசையாக, சூரியகாந்திப் பூவின் இதழ் போல் வட்டமாக அமைந்திருக்கும். விமானம் ஓய்வாக நிற்கும்போது எண்ணெய் கசிந்து அடிப்புறத்து உருளைகளிலே தேங்கும். அந்நிலையில் இயந்திரத்தை இயக்கின், அமுங்க மறுக்கும் எண்ணெய் உருளைத் தண்டையே வளைத்துவிடும். ஆகவே இயக்குமுன் ஊழியர் சுழல்விசிறியைக் கையாற் பிடித்துப் பல சுற்றுச் சுற்றுவர். கை தடைப்பட்டால் எண்ணெயை வடித்தே மேற்செல்வர். எந்தக் கருவியும் இங்கே அக்கையுணர்வுக்கு ஈடாகாது.

இவ்விடத்திலேயே பழைய விமானங்களின் மீது மக்கள் கொண்ட பற்றின் வேர் தெரிகின்றது. அழகும் ஓசையும் ஒருபுறமிருக்க, பார்த்தால் வேலை விளங்கும் இயந்திரம் அது. இப்பண்பு மலைநாட்டாருக்குப் புதிதன்று. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஒரே இயந்திரம் நீண்ட தண்டைச் சுழற்ற, அத்தண்டினின்று தொங்கும் பட்டிகள் கொழுந்தை உருட்டும் பொறிகளையும் சலிக்கும் பொறிகளையும் இயக்க, ஒரு சக்கரம் மற்றொன்றை ஏவும் முறை கண்ணெதிரே நிகழ்ந்தது. பெல்பாஸ்ட் நகரத்துச் சிறொக்கோ உலர்த்திகள் தலைமுறை கடந்தும் உழைத்தன. சக்கரத்தைத் தமிழ்த் தொழிலாளர் ரோதை என்றனர்; அதன் காவற்றெய்வத்துக்கு ரோதைமுனி எனப் பெயரிட்டுப் படையலிட்டனர். ரோதைமுனி வழிபாட்டை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர், சுழலும் பட்டியின் அருகே ஒவ்வொரு நாளும் கைநீட்டி வேலை செய்தவரின் அச்சத்தையும் மதிப்பையும் எண்ணிப் பார்த்ததில்லை போலும். கந்தப்பளையில் மூடப்பட்டுக் கிடந்த ஹெதர்செற் தொழிற்சாலை 1996 இல் விடுதியாக மாற்றப்பட்டபோதும் அதன் பழைய இயந்திரம் அகற்றப்படாது காக்கப்பட்டது. கண்டி ஹந்தானையில் 2001 இல் திறக்கப்பட்ட தேயிலை அரும்பொருட்சாலையிலும் அத்தகைய பொறிகளைக் காணலாம்.

ஆனால் தொழிற்சாலை இயந்திரம் பழுதுற்றால் கொழுந்து வீணாகும். விமானம் பழுதுற்றால் உயிர் வீணாகும். ஆகவே விமானத்தைப் புதுப்பிப்போர் எவ்வளவு பழையதை விட்டுவைப்பது, எவ்வளவு புதியதை ஏற்பது என்று ஒவ்வொரு படியிலும் தீர்மானிக்க நேர்கின்றது. மின்கம்பிகள் யாவும் மாற்றப்படும், குழாய்கள் மாற்றப்படும், இக்கால வானொலியும் வழிகாட்டியும் பொருத்தப்படும். தகடுகளிற் பாதி புதியனவாகிய பின்னர் அது பழைய விமானந்தானா? இவ்வினாவுக்குச் சைவ ஆலயங்களின் சீரணோத்தாரண முறை நல்ல ஒப்புமை தரும். திருப்பணியிலே கல்லும் சுதையும் மாறுகின்றன. ஆயினும் கோயில் அதே கோயிலாகவே எண்ணப்படுகின்றது. பழையதைப் புதுப்பித்தோம் என்று மறைவின்றிச் சொல்லிச் செய்வதே அங்கு முறை.

இந்திய விமானப்படையின் பரசுராமா என்னும் டக்கோட்டாவை இங்கு எடுத்துக்காட்டலாம். அரசியலாளர் இராஜீவ் சந்திரசேகர், டக்கோட்டா ஓட்டியாக விளங்கிய தம் தந்தையாரான எயர் கொமடோர் எம். கே. சந்திரசேகரின் பெயரால், கைவிடப்பட்டிருந்த டக்கோட்டா ஒன்றை வாங்கி, இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே செப்பனிடுவித்துப் படைக்கு அளித்தார். 2018 ஏப்ரிலில் அது பல நாடுகளில் இறங்கி இறங்கி, தன் இறக்கைகளாலேயே இந்தியாவை அடைந்தது. அதன் வாலில் வி.பி. 905 என்ற எண் தீட்டப்பட்டுள்ளது. 1947 ஒக்டோபர் 27 இல் சீக்கியப் படைப்பிரிவினரை ஏற்றிச் சென்று சிறீநகரில் முதலில் இறங்கிய டக்கோட்டாவின் எண் அது. பரசுராமா அன்று சிறீநகரில் இறங்கிய விமானம் அன்று. அவ்விமானத்தின் நினைவாக அதன் எண்ணைத் தாங்கும் பிறிதொரு விமானம். இவ்வேறுபாட்டைச் சொல்லாது விட்டால் மரியாதை பொய்யாகிவிடும்.

உண்மையான விமானமே கிடைத்த அருமையும் உண்டு. 1944 சூன் 6 இல் நோர்மண்டிப் படையிறக்கத்தில் தலைமை தாங்கிச் சென்ற டக்கோட்டா, அமெரிக்காவின் ஒஷ்கொஷ் நகரில் வேறு வடிவுக்கு மாற்றப்படும் நிலையில் இனங்காணப்பட்டு, 2015 இல் ஆர்வலர் கைக்கு வந்து, 2018 இல் மீண்டும் பறந்தது. ஒரு மாதம் பிந்தியிருப்பின் அடையாளம் அழிந்தே போயிருக்கலாம். ஒடிசாவின் பிஜு பட்நாயக் நிறுவிய விமான சேவைக்குரிய டக்கோட்டா கொல்கத்தாவிலே நெடுங்காலம் கிடந்தது; 2023 சனவரியில் அது பகுதி பகுதியாகப் பாரவண்டிகளில் புவனேசுவரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அது பறக்கவில்லை, பறக்க வேண்டிய கட்டாயமுமில்லை.

பறக்கவிடுவதா நிறுத்திவைப்பதா என்பதே ஆர்வலரிடையே தீராத வழக்கு. மகாதேவியின் இனத்தைச் சேர்ந்த கொன்ஸ்ரலேசன் ஒன்று அமெரிக்கப் பாலைநிலத்தில் செப்பனிடப்பட்டு, 2002 இல் அத்திலாந்திக் கடலைக் கடந்து ஒல்லாந்தை அடைந்தது. அதே குடும்பத்தின் கடைசி வடிவமொன்றை லுப்தான்சா நிறுவனம் 2007 இல் வாங்கிப் பறக்கச் செய்யப் பெருமுயற்சி எடுத்தது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பொருள் செலவிட்ட பின்னர், 2018 இல் அந்நோக்கத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 4 இல், பயணிகளை உல்லாசப் பயணத்துக்கு ஏற்றிச் சென்ற 1939 ஆம் ஆண்டின் யுங்கர்ஸ் 52 விமானம் சுவிற்சர்லாந்து மலைகளில் வீழ்ந்து, அதிலிருந்த 20 பேரும் மாண்டனர். ஓட்டிகள் மலைப்பள்ளத்தாக்கில் போதிய உயரமின்றி ஆபத்தான முறையிற் செலுத்தினர் என்பது விசாரணையின் முடிவு. விபத்துக்குக் காரணமாகாவிடினும், விமானத்தில் அரிப்பும் பராமரிப்புக் குறைகளும் இருந்தமையையும் அவ்விசாரணை வெளிப்படுத்திற்று. பற்று மிகுந்த கண்ணுக்குக் குறை தெரிவதில்லை. பழைய விமானத்தை அதற்கெனப் பயின்றோர் ஓட்டிக் காட்டுதல் வேறு. கட்டணம் பெற்றுப் பொதுமக்களை அதில் ஏற்றுதல் வேறு. பின்னையது தவிர்க்கத்தக்கது.

இன்னொரு குறையும் ஆர்வலரின் பற்றிலே உண்டு. டக்கோட்டாக் காலத்தை அவர்கள் அனைவரின் பொற்காலமாகவே போற்றுகின்றனர். சீதாதேவி சென்னைக்குப் பறந்து ஓராண்டு கழியுமுன், 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டபோது, 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்லவேண்டுமென முடிவாயிற்று. அவர்கள் சென்றது விமானத்திலன்று. ஹட்டன் முதலிய நிலையங்களில் கட்டியழுது பிரிந்து புகைவண்டி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கினர். இரத்மலானை விமானப்படை அரும்பொருட்சாலையில் டக்கோட்டாவும் டவ், ஹெரன் முதலிய சிறு விமானங்களும் ஒழுங்குறப் பேணப்படுகின்றன. அவற்றைக் காணும் மலைநாட்டு மாணவன், தன் பாட்டனாரின் பயணம் இவற்றுள் எதிலும் நிகழவில்லை என்பதையும் அறிந்தே காண்பான்.

மலைநாடு தன் மண்ணிலே பெற்ற விமான நினைவுச்சின்னமோ முற்றிலும் வேறானது. 1974 டிசம்பர் 4 ஆந் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகர் 182 பேரை ஏற்றி வந்த டீ.சீ. 8 ஜெட் விமானம், இடைத்தங்கலுக்காகக் கட்டுநாயக்காவை நோக்கித் தாழ்ந்தது. அதுவும் டக்ளஸ் குடும்பத்ததே. டக்கோட்டாவின் பேரப்பிள்ளை எனலாம். தாம் விமான நிலையத்தை அண்மிவிட்டதாக ஓட்டிகள் கருதினர். உண்மையில் அது இன்னும் நாற்பது மைல் அளவு கிழக்கே இருந்தது. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் கொண்டே தம் இடத்தைத் தவறாகக் கணித்துப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினர் என்று விசாரணை கூறிற்று. மஸ்கெலியாவை அடுத்த சப்தகன்னியர் மலையில் மோதி, ஊழியர் ஒன்பதின்மர் உட்பட 191 பேரும் மாண்டனர். அது பழைமையால் வீழ்ந்த விமானம் அன்று. இயந்திரம் பழுதுற்று வீழ்ந்ததும் அன்று.

அவ்விமானத்தின் சக்கரமொன்று நோட்டன் பிரிட்ஜில் நினைவாக வைக்கப்பட்டுள்ளது. செப்பனிடும் கலை எவ்வளவு வளர்ந்தாலும் இச்சக்கரத்தில் அதற்கு வேலையில்லை. உடைந்த பொருளாக நிற்பதே அதன் பணி. அது நிற்கும் ஊரிலேதான் கெகெல்கமு ஓயா அணையில் மறிக்கப்பட்டு, 1950 இல் இயங்கத் தொடங்கிய லக்சபான மின்நிலையத்துக்கு நீர் அனுப்பப்படுகின்றது. அதே பெயரைத் தாங்கிய டீ.சீ. 4 விமானம் இலண்டனுக்குப் பறந்து திரும்பியதும் அக்காலத்திலேயே.